விரல் மீற்றரில் 98, ரிப்போட்டில் 7.8: அம்மாவுக்கு ஏன் களைக்கிறது?

#1 வட்டக்கச்சி மகள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. ஆடி மாதத்திலிருந்து நடந்தால் களைக்கிறது என்கிறார். கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீரோடு குசினிக்கு வருவதற்குள் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். கொரோனாக் காலத்தில் அண்ணா வாங்கி அனுப்பிய விரல் மீற்றர் வீட்டில் இருந்தது. அவர் களைத்து நிற்கும்போதே மாட்டிப் பார்த்தேன். ஒட்சிசன் 98, நாடித்துடிப்பு 112.

நேற்று ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள். ஈமோகுளோபின் 7.8 என்று ரிப்போட் வந்திருக்கிறது. இரும்புக் குளிசை தந்து, இன்னும் சில சோதனைக்கு அடுத்த கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு விளங்காதது இதுதான். இரத்தத்தில் ஒட்சிசன் 98 வீதம் என்றால் உடம்புக்கு வேண்டியது கிடைக்கிறது என்றுதானே அர்த்தம்? பிறகு ஏன் களைப்பு? மீற்றர் பழுதா, ரிப்போட் பிழையா?

#2 இரவுக்கடமை (கிளிநொச்சி)

தங்கச்சி, மீற்றரும் சரி, ரிப்போட்டும் சரி. அந்த விளக்கத்தை மற்றவர்கள் எழுதட்டும். தாதியாக நான் முதலில் கேட்க வேண்டியது வேறு.

அம்மா முழங்கால் நோவுக்கு, இடுப்பு நோவுக்கு என்று கடையில் குளிசை வாங்கிப் போடுகிறவரா? இரும்புக் குளிசை தொடங்குவதற்கு முன்பே மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனதா? இதை இன்றைக்கே கேளுங்கள். இரும்புக் குளிசை போட்டால் பெரும்பாலானோருக்கு மலம் கறுக்கும், அதற்குப் பிறகு கேட்டால் பிரித்தறிய முடியாது. நோக்குளிசைகள் இரைப்பையில் புண்ணாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கசியவிடும். மாதவிடாய் நின்ற வயதில் ஈமோகுளோபின் இவ்வளவு குறைந்தால், இரத்தம் எங்கே போகிறது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். குளிசையோடு நிறுத்தக் கூடாது.

நெஞ்சு நோவு, தலைச்சுற்றி விழுதல், இருந்தபடியே களைப்பு, கறுப்பு மலம் இதில் எது வந்தாலும் அடுத்த கிழமைவரை காத்திருக்க வேண்டாம். உடனே கூட்டிப்போங்கள்.

#3 குருதித்துளி (வவுனியா)

மகள், ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியில் நல்ல விசயம் ஒன்று இருக்கிறது, ஆறுதலாகவே எழுதுகிறேன்.

விரல் மீற்றர் ஒட்சிசனின் அளவைச் சொல்வதில்லை. ஈமோகுளோபினில், அதாவது குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் சிவப்பு நிறமியில், எத்தனை வீதம் நிறைந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. கண்டாவளைப் பக்கம் அறுவடைக் காலத்தில் ட்ரக்டர் பெட்டிகள் மில்லுக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பெட்டியை எட்டிப் பார்த்தாலும் விளிம்புவரை நெல். ஆனால் வழக்கமாகப் பதின்மூன்று பெட்டி போகிற இடத்தில் எட்டுப் பெட்டிதான் போகிறது என்றால் மில்லுக்குச் சேரும் நெல் எவ்வளவு? மீற்றர் பெட்டியின் விளிம்பைப் பார்க்கிறது. ரிப்போட் பெட்டிகளை எண்ணுகிறது.

கணக்காகச் சொன்னால், ஒரு கிராம் ஈமோகுளோபின் முழுதாக நிறைந்தால் ஏறக்குறைய 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைப் பிடிக்கும். 100 மில்லிலீற்றர் குருதியில் 13 கிராம் ஈமோகுளோபின் உள்ள ஒருவருக்கு, 98 வீத நிறைவில், அந்த 100 மில்லிலீற்றர் சுமார் 17 மில்லிலீற்றர் ஒட்சிசனைக் கொண்டு போகும். அம்மாவின் 7.8 கிராமில் அதே 98 வீத நிறைவு இருந்தும் கிடைப்பது சுமார் 10தான். இதயம் இந்தக் குறையை வேகத்தால் ஈடுகட்டப் பார்க்கிறது. நீங்கள் பார்த்த 112 அதுதான். இருந்த இடத்தில் இருக்கும்போது சமாளித்துவிடும். வாளியைத் தூக்கி நடக்கும்போது தசை கூடுதலாகக் கேட்கும், அப்போது போதாமல் போகிறது.

ஈமோகுளோபின் இல்லாமல் குருதி நீரில் வெறுமனே கரைந்து போகிற ஒட்சிசனும் உண்டு. ஆனால் அது 100 மில்லிலீற்றருக்கு 0.3 மில்லிலீற்றர் மட்டும். சும்மா படுத்திருக்கும் ஒரு ஆளுக்கே நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலீற்றர் ஒட்சிசன் வேண்டும். கரைந்ததை மட்டும் நம்பினால் இதயம் நிமிடத்துக்கு 80 லீற்றருக்கு மேல் இறைக்க வேண்டிவரும். நமது இதயம் ஓய்வில் இறைப்பது 5 லீற்றர். அந்த இடைவெளி முழுவதையும் நிரப்புவது ஈமோகுளோபின்தான்.

மீற்றர் எப்படிப் பார்க்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒட்சிசன் ஏறிய குருதி பளிச்சென்ற சிவப்பு, இறக்கிய குருதி கறுத்த சிவப்பு. நாளத்திலிருந்து (இதயத்துக்குத் திரும்பும் குருதிக்குழாயிலிருந்து) எடுத்த குருதி குழாயில் கறுத்துப்போய் இருக்கும். காற்றுப் பட மெதுவாகப் புரட்டினால் கண்ணுக்கு முன்னாலேயே நிறம் மாறும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்து அசந்துபோய் நின்றிருக்கிறேன். சுவாசப்பையில் நடப்பதும் இதேதான். இந்த நிற மாற்றத்தைத்தான் மீற்றர், 660 நனோமீற்றர் சிவப்பு ஒளி, 940 நனோமீற்றர் அகச்சிவப்பு ஒளி என்று இரண்டு ஒளியை விரலுக்குள் விட்டு அளக்கிறது. நாடி துடிக்கும்போது மட்டும் மாறுகிற பகுதியைப் பிரித்தெடுத்தால் நாடிக் குருதியை (இதயத்திலிருந்து வெளியே வரும் குருதியை) மட்டும் பார்க்கலாம் என்ற யோசனை ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகியுடையது. 1974இல் அவர் அதை வெளியிட்டார். நிறம் சரி என்றால் மீற்றருக்குத் திருப்தி. நிறமியின் மொத்த அளவு அதற்குத் தெரியாது.

#4 வட்டக்கச்சி மகள்

ஐயா, மிக்க நன்றி. இப்போதுதான் விளங்குகிறது. அக்கா, அம்மாவிடம் கேட்டேன். முழங்காலுக்கு மாதக்கணக்காகக் குளிசை போட்டிருக்கிறார், எங்களுக்குச் சொல்லவில்லை. மலம் கறுப்பாக இருந்ததாம், ஆனால் இரும்புக் குளிசைக்கு முன்பா பின்பா என்று நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. நாளைக் காலையிலேயே கூட்டிப்போகிறேன்.

#5 இரவுக்கடமை

நல்லது. மிச்சமிருக்கிற நோக்குளிசை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். என்ன குளிசை என்று டொக்டர் பார்க்க வேண்டும். இனி அதைப் போட வேண்டாம் என்று அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

#6 உயிரியல் மாணவி (புதுக்குடியிருப்பு)

இந்த இழையைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. ஏ.எல்.க்குப் படிக்கிறேன். ஒட்சிசனின் அமுக்கம் கூடக்கூட ஈமோகுளோபின் எவ்வளவு நிறைகிறது என்று காட்டும் ஒட்சிசன் கூட்டப்பிரிகை வளையி எஸ் வடிவம் என்று பாடமாக்கி வைத்திருக்கிறேன். ஏன் அந்த வடிவம் என்று கேட்டால் 'கூட்டுறவுப் பிணைப்பு' என்று எழுதுவேன். உண்மையில் அங்கே என்ன நடக்கிறது?

#7 பாலைநிழல் (முல்லைத்தீவு)

தங்கச்சி, இது எனக்கு மிகப் பிடித்த பாடம். வகுப்பில் நாற்பது நிமிடத்தில் ஓடிவிட வேண்டியிருக்கும், இங்கே அந்த அவசரம் இல்லை.

முதலில் ஒட்சிசன் ஏன் உள்ளே போகிறது என்று பார். காற்றில் ஒட்சிசன் 21 வீதம். கடல் மட்டத்தில் வளியமுக்கம் 760 மி.மீ. இரசம், ஆகவே அதில் ஒட்சிசனின் பங்கு, அதாவது பகுதியமுக்கம், சுமார் 160. உள்ளே போய் ஈரப்பதனோடும் பழைய காற்றோடும் கலந்து சுவாசப்பையின் சிற்றறைக்கு வரும்போது அது 100 அளவில் நிற்கும். உடம்பெல்லாம் சுற்றிவிட்டு வரும் குருதியில் 40. அந்த 60 வித்தியாசம்தான் ஒட்சிசனைத் தள்ளுகிறது. வேறு எந்தச் சக்தியும் செலவாவதில்லை. சிற்றறைக்கும் மயிர்க்குழாய்க்கும் நடுவே உள்ள தடிப்பு ஒரு மைக்கிரோமீற்றர்கூட இல்லை. செங்குழியம் (சிவப்புக் குருதிக் கலம்) அந்த மயிர்க்குழாயைக் கடக்க ஓய்வில் முக்கால் செக்கன் எடுக்கும். நிறைவதற்குக் கால் செக்கனே போதும். ஓடும்போது குருதி வேகமாகக் கடந்தாலும் நிறைந்துகொண்டு போவது இந்த மிச்ச நேரத்தால்தான்.

இனி ஈமோகுளோபின். நான்கு புரதச் சங்கிலி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஈம் என்ற தட்டையான ஒரு சிறு பகுதி, ஒவ்வொரு ஈமின் நடுவிலும் ஒரு இரும்பு அணு. ஒரு இரும்புக்கு ஒரு ஒட்சிசன் மூலக்கூறு, மொத்தம் நான்கு. ஒரு செங்குழியத்துக்குள் இப்படி ஏறக்குறைய 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறு இருக்கிறது. கருவைக்கூட வெளியே தள்ளிவிட்டு இதற்கு இடம் விட்டிருக்கிறது செங்குழியம்.

ஒட்சிசன் இல்லாத நிலையில் ஒவ்வொரு இரும்பும் ஈம் தட்டுக்குக் கொஞ்சம் வெளியே விலகி நிற்கும். ஒரு ஒட்சிசன் வந்து பிடித்ததும் அந்த இரும்பு தட்டுக்குள் இழுபடும். அதோடு பிணைந்திருக்கிற, புரதத்தின் ஒரு அமினோவமிலமான இஸ்ற்றிடினும் இழுபடும். இஸ்ற்றிடின் இழுபட்டால் அது இருக்கும் புரதச் சுருள் நகரும். ஒரு சங்கிலி நகர்ந்தால் நான்கையும் இறுக்கிப் பிடித்திருந்த பிணைப்புகள் அறும், மற்ற மூன்றும் தளர்ந்து ஒட்சிசனை எளிதாக ஏற்கும் வடிவத்துக்கு மாறும். முதலாவது ஏறுவது கடினம், அடுத்தடுத்தது எளிது. இறங்கும்போதும் இதேதான், ஒன்று கழன்றால் மற்றவை கழல்வது எளிதாகிறது. மக்ஸ் பெரூட்ஸ் இந்த மூலக்கூறின் அமைப்பை எக்ஸ் கதிரால் கண்டுபிடிக்க இருபது வருடத்துக்கு மேல் எடுத்தார். 1962இல் ஜோன் கென்ட்ரூவோடு சேர்த்து இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசுக்குப் பிறகும் விடவில்லை, நான் மேலே சொன்ன அந்த இரும்பின் நகர்வை விளக்கியது அதற்குப் பிந்திய வேலை.

வடிவத்தின் பயன் எங்கே தெரியும் என்றால், பகுதியமுக்கம் 100இல் நிறைவு 97, 98 வீதம். 60க்கு இறங்கினாலும் இன்னும் 90 வீதம் கையில் இருக்கிறது. மேல்பக்கம் தட்டை, அதாவது சுவாசப்பையில் கொஞ்சம் குறைந்தாலும் ஏற்றுவதில் நட்டம் சிறிது. ஆனால் 40இல் 75 வீதம். கடுமையாக வேலை செய்யும் தசையில் 20க்கு இறங்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். கீழ்ப்பக்கம் செங்குத்து, தசை கொஞ்சம் வாடினாலே நிறைய இறக்கிவிடும்.

மாணவர்கள் எல்லோரும் பிடிப்பதைப் பற்றியே எழுதுகிறார்கள். நல்ல சுமைகாரனுக்கு இறுகப் பிடிப்பது மட்டும் போதாது, உரிய இடத்தில் விடவும் வேண்டும். ஈமோகுளோபினின் திறமையில் பாதிக்கு மேல் அந்த விடுவதில்தான் இருக்கிறது. வேலை செய்யும் தசை காபனீரொட்சைட்டையும் அமிலத்தையும் வெப்பத்தையும் வெளிவிடும். இந்த மூன்றும் சேர்ந்து ஈமோகுளோபினின் பிடியைத் தளர்த்தும். எங்கே அதிகம் எரிகிறதோ அங்கே அதிகம் இறங்கும். காபனீரொட்சைட்டின் இந்த விளைவை 1904இல் கோப்பன்கேகனில் கிறிஸ்தியன் போர் தன் கூட்டாளிகளோடு கண்டார். அணு மாதிரி தந்த நீல்ஸ் போரின் தகப்பன் அவர்.

#8 உயிரியல் மாணவி

சேர், வளையியைப் பாடமாக்காமலேயே வரைய முடியும் போல இருக்கிறது. காபனீரொட்சைட்டு திரும்பிப் போவதும் ஈமோகுளோபினில்தானா?

#9 பாலைநிழல்

கொஞ்சம்தான். ஏறக்குறைய 70 வீதம் இருகாபனேற்று அயனாகத் திரவவிழையத்தில் (குருதி நீரில்) போகும், 23 வீதம் ஈமோகுளோபினின் புரதப் பகுதியில் ஒட்டிக்கொண்டு, 7 வீதம் கரைந்து. இரும்பில் அது பிடிப்பதில்லை. ஒட்சிசனோடு இடத்துக்கு அடிபடுகிறது என்று பரீட்சையில் எழுதிவிடாதே, பலர் எழுதுகிறார்கள்.

#10 அளம்பில் கரை

நான் சங்குக்கும் கடலட்டைக்கும் கடலில் இறங்குகிறவன். சிலிண்டர் இல்லாமல் மூச்சுப் பிடித்து இறங்குவதும் உண்டு. இறங்க முதல் வேக வேகமாக மூச்சிழுத்து விடுவது எங்கள் பெடியளிடம் பழக்கம். இரத்தத்தில் ஒட்சிசன் நிறைய ஏறும், கனநேரம் கீழே நிற்கலாம் என்று சொல்வார்கள். உண்மையிலேயே அப்படிச் செய்தால் நிற்கக்கூடிய நேரம் கூடுகிறது. இது சரியா?

#11 பாலைநிழல்

அண்ணா, நேரம் கூடுவது உண்மை. காரணம் அதுவல்ல. அந்தக் காரணத்தைத் தெரியாமல் இருப்பதுதான் ஆளைக் கொல்கிறது. தயவுசெய்து இதைக் கவனமாக வாசியுங்கள்.

மேலே சொன்னது போலச் சாதாரண மூச்சிலேயே நாடிக் குருதி 97, 98 வீதம் நிறைந்துவிடுகிறது. வேகமாக இழுத்து மிஞ்சினால் இன்னும் ஒன்று இரண்டு வீதம். அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் காபனீரொட்சைட்டு மளமளவென்று வெளியே போய்விடும். 'இனித் தாங்காது, மூச்சு எடு' என்று நெஞ்சு முட்டுவதை நாம் ஒட்சிசன் குறைவதால் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் காபனீரொட்சைட்டு கூடுவதால்தான் அந்த முட்டல் வருகிறது. அதை முன்கூட்டியே துரத்திவிட்டால் முட்டல் பிந்தி வரும். இதற்கிடையில் ஒட்சிசன் தன்பாட்டில் இறங்கிக்கொண்டே இருக்கும். எச்சரிக்கை வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும்.

இன்னொரு ஆபத்து மேலே ஏறும்போது. பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு, அதனால் சுவாசப்பைக்குள் ஒட்சிசனின் பகுதியமுக்கமும் கூடி நிற்கும். அடியில் இருக்கும்வரை ஈமோகுளோபினுக்குப் போதுமானதாக இருக்கும். மேலே வர வர அமுக்கம் பாதியாகும், ஒட்சிசனின் பகுதியமுக்கமும் அதோடு விழும், வளையியின் செங்குத்தான பக்கத்தில் சறுக்கும். அடியில் நல்லாக இருந்தவன் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு பாகம் (ஆறடி) கீழே மயங்குவது இதனால்தான். மயங்கினவன் தண்ணீரை இழுப்பான்.

அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் ஒரு காலம் முத்துக்குளிப்பு நடந்தது. அதைப் பார்வையிட ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டிய டொரிக் மாளிகை இன்றும் அரிப்புக் கரையில் இடிந்துபோய் நிற்கிறது. அந்தக் குளியாளிகள் கல்லைக் காலில் கொளுவி இறங்குவார்கள், இறங்கும்போது தசைக்கு வேலை குறைவு, ஒட்சிசன் செலவும் குறைவு. மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடியே இருப்பார். அந்தக் கயிறு பிடிக்கிற ஆளைத்தான் நீங்களும் வைத்திருக்க வேண்டும். தனியாக இறங்க வேண்டாம், வேக மூச்சு வேண்டவே வேண்டாம்.

#12 அளம்பில் கரை

எங்கள் பக்கத்தில் மேலே வந்து கையைத் தூக்குகிற நேரத்தில் அமிழ்ந்துபோன பெடியன் ஒருவன் இருந்தான். ஆழத்தில் ஏதோ நடந்தது என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். வாடியில் எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன்.

#13 நெடுங்கேணி நிலா

ஏழு மாதக் கர்ப்பம் எனக்கு. கிளினிக்கில் ஈமோகுளோபின் 10.4 என்றார்கள். பிள்ளைக்கு ஒட்சிசன் போதுமா என்று பயமாக இருக்கிறது. பிள்ளை மூச்சும் விடுவதில்லையே.

#14 இரவுக்கடமை

பயப்படாதீர்கள். கர்ப்ப காலத்தில் 11க்குக் கீழே என்றால் குறைவு என்று கணக்கு, உங்களுடையது மெல்லிய குறைவு. குருதியின் நீர்ப்பகுதி கூடுவதால் அந்த எண் எல்லாத் தாய்மாருக்கும் கொஞ்சம் இறங்கும். மிட்வைஃப் தரும் இரும்புக் குளிசையை விடாமல் போடுங்கள், திரிபோஷா சத்துமாவை நீங்களே சாப்பிடுங்கள், வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்குப் பங்கிட வேண்டாம். குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு போட்டால் நன்றாக உறிஞ்சும். கல்சியக் குளிசையை வேறு நேரத்தில் போடுங்கள்.

பிளேன்ரீ பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது எங்கள் ஊர் வழக்கம். முருங்கையிலை, பொன்னாங்காணி, பருப்பு என்று எவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும், தேயிலையில் உள்ள தனின் அந்த இரும்பைக் குடலிலேயே கட்டிப்போடும். ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். நெத்தலி, ஈரல், இறைச்சியில் உள்ள இரும்பு இலைக்கறியில் இருப்பதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும்.

#15 பாலைநிழல்

பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல செய்தி. கருவில் இருக்கும் குழந்தையின் ஈமோகுளோபின் பெரியவர்களுடையதைப்போல அல்ல. நான்கு சங்கிலியில் இரண்டு வேறு வகை. அதனால் பிடி இறுக்கம். பாதி நிறைவுக்குத் தாயின் ஈமோகுளோபினுக்கு 27 மி.மீ. அளவு பகுதியமுக்கம் வேண்டும், குழந்தையினுடையதற்கு 20க்கும் கொஞ்சம் கீழேயே போதும். சூல்வித்தகத்தில் தாயின் குருதி விடுவதைக் குழந்தையின் குருதி இழுத்துக்கொள்ளும். பிறந்து சில மாதத்தில் இந்த வகை பெரும்பாலும் மாறிவிடும்.

#16 மோட்டர்க்காரன் (மல்லாவி)

தண்ணீர் பம் திருத்துகிறவன் நான். ஒட்சிசன் 98 என்ற கதையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆவணி, புரட்டாதியில் கிணறு இறங்கிவிடும். மேலே வைத்த மோட்டர் 25 அடிக்குக் கீழே போன தண்ணீரை இழுக்காது. எந்தக் கொம்பனி மோட்டரானாலும் இழுக்காது, வளியமுக்கம் தண்ணீரைத் தள்ளக்கூடிய அளவு நடைமுறையில் அவ்வளவுதான். அதனால் சனம் மண்ணெண்ணெய் மோட்டரைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, படியிலோ பலகையிலோ வைத்து ஓட்டுகிறது. ஓட்டுகிற ஆளும் உள்ளே நிற்பார்.

அப்படி ஒருவர் உள்ளே மயங்கி விழ, தூக்கப்போன அவருடைய மச்சானும் உள்ளேயே விழுந்தார். கயிற்றால் இருவரையும் எடுத்தோம். ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டினார்கள், 98 காட்டியது. பிறகும் டொக்டர் மூக்குவாய் முழுவதும் மூடுகிற முகமூடி போட்டு ஒட்சிசனைத் திறந்துவிட்டார். இருவரும் பிழைத்தார்கள். 98 இருந்தால் அவர்கள் ஏன் விழுந்தார்கள்? பிறகு எதற்கு அவ்வளவு ஒட்சிசன்?

#17 குருதித்துளி

தம்பி, கேட்டீர்களே, இதைக் கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டும்.

எஞ்சின் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது, மேலே பேசிய காபனீரொட்சைட்டு அல்ல, இது வேறு வாயு. மணமில்லை, நிறமில்லை. அது ஈமோகுளோபினின் அதே இரும்பில், ஒட்சிசன் இருக்க வேண்டிய அதே இடத்தில், 200 மடங்குக்கு மேல் விருப்பத்தோடு பிடிக்கும். காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது கலந்திருந்து, அந்தக் காற்றையே தொடர்ந்து சுவாசித்தால் ஏறக்குறைய பாதி ஈமோகுளோபினை அது எடுத்துக்கொள்ளும். ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்ற விஞ்ஞானி 1890களில் தானே அந்த வாயுவைச் சுவாசித்து, தன் குருதியை எடுத்துப் பார்த்து இந்தக் கணக்கைப் போட்டார். சுரங்கங்களில் செத்த தொழிலாளருக்காகச் செய்த வேலை அது.

மீற்றர் ஏன் ஏமாந்தது என்றால், காபனோரொட்சைட்டு பிடித்த ஈமோகுளோபினும் நல்ல சிவப்பு. மீற்றரின் 660 ஒளிக்கு அது ஒட்சிசன் பிடித்தது மாதிரியே தெரியும். வீட்டில் பாவிக்கும் இரண்டு ஒளி மீற்றரால் இதை ஒருபோதும் பிரிக்க முடியாது. அந்த டொக்டர் மீற்றரை நம்பாமல், ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைப் பார்த்து முடிவெடுத்திருக்கிறார். கெட்டிக்காரர்.

இப்போது இந்த இழையின் முதல் கேள்வியோடு சேர்த்து ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கு ஈமோகுளோபின் 7 கிராம், அதாவது பாதி இல்லை. களைப்போடு நடமாடுகிறார், சமைக்கிறார், சிலர் வயல் வேலைக்கும் போகிறார்கள். இன்னொருவருக்கு 14 கிராம், ஆனால் பாதியைக் காபனோரொட்சைட்டு பிடித்திருக்கிறது. ஒட்சிசன் கொண்டுபோகும் கொள்ளளவு இருவருக்கும் ஒன்றுதான். இரண்டாமவர் நினைவில்லாமல் கிடக்கிறார். ஏன்?

பாலைநிழல் மேலே எழுதிய 'விடுவது'தான் விடை. நான்கு இடத்தில் ஒன்றிரண்டை காபனோரொட்சைட்டு பிடித்ததும், ஈமோகுளோபின் தளர்ந்த, ஒட்சிசனை விரும்புகிற வடிவத்திலேயே நின்றுவிடும். மிச்ச இடத்தில் ஏறிய ஒட்சிசனை அது தசையிலும் மூளையிலும் விடாது. பாதி இடம் பறிபோனது ஒரு அடி, மீதிப் பாதி கையில் இருந்தும் இறங்காதது இரண்டாவது அடி. குருதிச் சோகையில் நடப்பது இதற்கு எதிர்ப்பக்கம். மெதுவாக ஈமோகுளோபின் குறைகிறவர்களுக்குச் செங்குழியத்துக்குள் 2,3-பிஸ்பொஸ்போகிளிசரேற்று என்ற பொருள் கூடும். அது ஈமோகுளோபினின் நடுக்குழியில் போய் உட்கார்ந்து பிடியைத் தளர்த்தும். இருக்கிற கொஞ்சத்திலிருந்து வழக்கத்தைவிட அதிகமாகத் தசைக்கு இறங்கும். உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள மாதக்கணக்கு கிடைக்கிறது. கிணற்றுக்குள் நிற்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது.

ஒட்சிசன் எதற்கு என்று கேட்டீர்கள். இடத்துக்கான போட்டியில் ஒட்சிசனின் பங்கைக் கூட்டி மற்றதைத் தள்ளத்தான். சாதாரணக் காற்றில் காபனோரொட்சைட்டு பாதியாகக் குறைய நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். முகமூடியில் முழு ஒட்சிசன் கொடுத்தால் ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலத்தில் பாதியாகிவிடும்.

#18 வட்டக்கச்சி மகள்

வாசித்துக்கொண்டே இருக்கிறேன். அம்மாவை வார்ட்டில் மறித்திருக்கிறார்கள். நாளைக்குக் கமரா விட்டு இரைப்பையைப் பார்க்கப்போகிறார்களாம். இரத்தம் ஏற்ற வேண்டுமா என்று அதற்குப் பிறகு சொல்வார்கள். உங்கள் எல்லோருக்கும் நன்றி.

#19 இரவுக்கடமை

சரியான இடத்தில் இருக்கிறார். குளிசை தொடங்கி இரண்டு மூன்று கிழமையில் எண் ஏறத் தொடங்கும். எண் சரியானதும் நிறுத்தாமல், டொக்டர் சொல்கிற காலம்வரை, வழக்கமாக இன்னும் மூன்று மாதம், போட வேண்டும். ஈரலில் சேமிப்பு நிரம்ப வேண்டும்.

#20 உயிரியல் மாணவி

ஐயா, ஒரு சின்னக் கேள்வி. கையில் தெரிகிற நாளம் நீலமாக இருக்கிறது. கறுத்த சிவப்பு என்று சொன்னீர்கள்?

#21 குருதித்துளி

உள்ளே இருப்பது கறுத்த சிவப்புத்தான். ஆயிரக்கணக்கான குழாயில் பார்த்திருக்கிறேன், நீலக் குருதி எந்த மனிதருக்கும் கிடையாது. சிவப்பு ஒளி தோலுக்குள் ஆழமாகப் போய்க் குருதியில் உறிஞ்சப்படுகிறது, நீல ஒளி மேலோட்டமாகப் பட்டுத் திரும்புகிறது. நாளத்துக்கு மேலே உள்ள தோல் சுற்றியுள்ள தோலைவிடச் சிவப்புக் குறைவாகத் தெரிவதால் கண் அதை நீலம் என்கிறது.

#22 மோட்டர்க்காரன்

ஐயா, கிணற்றுப் பகுதியை எங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் வாசிக்கலாமா? இங்கே எல்லோரும் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறோம், விளக்கு எரிந்தால் பயமில்லை என்று நம்புகிறார்கள்.

#23 குருதித்துளி

கட்டாயம் வாசியுங்கள். விளக்கைப் பற்றி இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றில் ஒட்சிசன் 16, 17 வீதத்துக்கு இறங்கினால் விளக்கு அணையும். பாழ்கிணற்றில் காபனீரொட்சைட்டு தேங்கி ஒட்சிசன் குறைந்திருப்பதை அது ஓரளவுக்குக் காட்டும். காபனோரொட்சைட்டை அது காட்டாது. ஆளை விழுத்தப் போதுமான ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு காற்றில் இருந்தாலும் சுடர் ஆடாமல் எரிந்துகொண்டே இருக்கும். பெற்றோல் ஆவி இருக்கிற கிணற்றில் விளக்கை இறக்குவதே வெடிப்புக்கு வழி.

எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். தண்ணீர் ஆழத்தில் என்றால் மின்சாரத்தில் ஓடும் நீர்மூழ்கி மோட்டர்தான் பாதுகாப்பு. எஞ்சின் நின்ற பிறகும் புகை உள்ளேயே நிற்கும், காற்றோட்டம் இல்லாத குழி அது. யாராவது உள்ளே விழுந்தால், பார்த்துக்கொண்டிருக்க மனம் வராது, தெரியும். ஆனாலும் இறங்க வேண்டாம். 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள், மேலிருந்து காற்றாடியோ ஊதியோ வைத்துக் காற்றை உள்ளே அடியுங்கள். இறங்குகிறவரின் இடுப்பில் முதலே கயிறு கட்டியிருந்தால் மேலே நிற்கிறவர்களே இழுத்துவிடலாம். கூட்டத்தில் அந்தக் கயிற்றைப் பற்றி இரண்டு தரம் சொல்லுங்கள்.

#24 மோட்டர்க்காரன்

சொல்கிறேன் ஐயா. இடுப்பில் கயிறு இல்லாமல் இறங்குகிற கிணற்றில் இனி நான் மோட்டர் வேலைக்குப் போவதில்லை.

#25 அளம்பில் கரை

மோட்டர்க்காரன் அண்ணா, படகில் பாவிக்கிற நைலோன் கயிறு என்னிடம் மிச்சம் கிடக்கிறது, ஆள் பாரம் தாங்கும். கூட்டம் எப்போது என்று சொல்லுங்கள், முல்லைத்தீவிலிருந்து மல்லாவிக்கு வருகிற பஸ்ஸில் ஒரு சுருள் அனுப்பிவிடுகிறேன்.